டர்டில் வைன் நடுவில் மொட்டையானால் வெட்டிப் பரப்புங்கள்

உங்கள் டர்டில் வைன் (சின்ன இலைகள் கொண்ட தொட்டிக் கொடி) ஓரங்களில் இரண்டடிக்குத் தொங்குகிறது, தொட்டியின் நடுவில் மட்டும் மொட்டை, தினமும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள், நுனி பச்சையாக இருக்கும்வரை இதைக் காப்பாற்றிவிடலாம்.

முதலில் அடித்தண்டைத் தொட்டுப் பாருங்கள். கொழகொழவென்று கறுத்திருந்தால் தண்ணீர் அதிகம். இதன் இலையும் தண்டும் சதைப்பற்றுள்ளவை. மண் காயாமலே இருந்தால் அழுகிவிடும். காய்ந்த நார் போல இருந்தால் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு. கூரையை ஒட்டி மாட்டிய தொட்டியில் தொங்கும் கொடிக்குத்தான் வெளிச்சம், மண்ணின் மேற்பரப்பு நிழலிலேயே கிடக்கும். ஒரு முழம் இறக்கி மாட்டுங்கள்.

அப்புறம் கத்தரிக்கோலை எடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் கொடிகளைப் பாதிக்கு மேல் வெட்டுங்கள். வெட்டியதை நான்கு விரல் நீளத் துண்டுகளாக்கி, மொட்டையான இடத்தில் படுக்கப் போட்டு, கணுக்கள் மண்ணில் படும்படி லேசாக அழுத்துங்கள். கணுவுக்குக் கணு வேர் விடும் செடி இது. வேர் பிடிக்கும்வரை தண்ணீரைத் தெளித்தால் போதும். அழுகல் இருந்தால் மட்டும் மண்ணை மாற்றி, தென்னைநார்க் கழிவும் மணலும் தாராளமாகச் சேர்த்து நடுங்கள்.

பிறகு மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். காலை வெயில் நல்லது, உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும். வீட்டில் நாய் இருந்தால் கொடி அதன்மேல் உரசாத உயரத்தில் வையுங்கள், சில நாய்களுக்குத் தோலில் அரிப்பு வரும்.