மைனிங் இயந்திர நிறுவனப் பங்கு பாதுகாப்பானதா?

பிட்காயினை வாங்குவதைவிட, அதற்கான மைனிங் இயந்திரத்தை (கணக்குப் போட்டுப் புதிய பிட்காயினை ஈட்டும் கணினி) தயாரிக்கும் நிறுவனத்தின் பங்கை வாங்குவது பாதுகாப்பானதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

இயந்திரத்துக்குள் இருக்கும் சிப்புக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: பிட்காயினுக்குத் தேவையான எஸ்எச்ஏ-256 என்ற குறியாக்கக் கணக்கை ஓயாமல் போடுவது. வேறு எதற்கும் அது உதவாது. பிட்காயின் விலை சரிந்தால் ஆர்டர்கள் நின்றுவிடும். ஆனால் சிப் ஆலைக்கு முன்பணம் பல மாதங்களுக்கு முன்பே போயிருக்கும். கிடங்கில் சரக்கு தேங்கும், அதற்குள் மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் அடுத்த மாடல் வந்துவிடும். 2018 செப்டம்பரில் பிட்மெயின் என்ற மைனிங் இயந்திர நிறுவனம் ஹாங்காங்கில் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தது. விலைச் சரிவுக்கு நடுவே 2019 மார்ச்சில் அந்த விண்ணப்பம் காலாவதியானது. 2019 நவம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் 9 டாலருக்கு வெளியான, இன்னொரு மைனிங் இயந்திர நிறுவனமான கேனானின் (Canaan) பங்கு, பின்னாளில் 1 டாலருக்கும் கீழே இறங்கியது.

விற்காத இயந்திரங்களைத் தாங்களே ஓட்டி பிட்காயின் எடுப்பது இந்நிறுவனங்களின் மாற்று வழி. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் பிட்காயின் விலையோடு இன்னும் இறுக்கமாகக் கட்டிப்போடும். 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்குக்கு (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) மைனிங் செய்பவர் பெறும் வெகுமதியும் 6.25இலிருந்து 3.125 பிட்காயினாகக் குறைந்துவிட்டது.

வாங்கியே தீருவதென்றால், ஆண்டறிக்கையில் கையிருப்புச் சரக்கின் மதிப்பையும் விலை போகாததால் அந்த மதிப்பில் எவ்வளவைக் கணக்கில் குறைத்து எழுதினார்கள் என்பதையும் முதலில் பாருங்கள்.