பஸ் வீட்டுக்கு ஹீட்டர் குழாய்: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: கனடாவில் 40 அடி நீள பழைய ஸ்கூல் பஸ் ஒன்றை வாங்கி வீடாக மாற்றி வருகிறோம். முன்பக்க டீசல் எஞ்சின். எஞ்சினின் சூடான கூலன்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பின்பக்க ஹீட்டருக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் வெடித்து, தரைப் பலகையெல்லாம் அதில் ஊறிவிட்டது. கடையில் முழுக்க சிலிக்கான் ஹோஸ் போடச் சொல்கிறார்கள். நண்பரோ, வீட்டுத் தண்ணீர் லைனுக்குப் போடும் பெக்ஸ் பிளாஸ்டிக் குழாயே போதும் என்கிறார். எதை வாங்கலாம்?

வாங்கும் முன், அந்த லைன் உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். பின் ஹீட்டர் இருந்தது கடைசி இருக்கைப் பிள்ளைகளுக்காக. அந்த இடத்தில் விறகு அடுப்போ தனி டீசல் ஹீட்டரோ வைக்கப்போகிறீர்கள் என்றால் பின் லைனையே எடுத்துவிடலாம். முன் கண்ணாடியின் பனி நீக்கும் ஹீட்டரை மட்டும் தொடாதீர்கள். இரண்டும் ஒரே தொடரில் இணைந்திருந்தால், பின்னால் போகும் இரு முனைகளையும் முன்புறமே ஒரு வளைவுக் குழாயால் சேர்த்துவிடுங்கள். அடைத்துவிட்டால் முன் ஹீட்டருக்கும் ஓட்டம் நின்றுவிடும்.

வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். போக, வர 80 அடியாவது ஆகும். ஒரு இன்ச் உள்விட்டமுள்ள ஹோஸில் அந்த நீளத்துக்குள் மட்டும் சுமார் 12 லிட்டர் கூலன்ட் நிற்கும். முக்கால் இன்ச் என்றால் 7 லிட்டர். கூலன்ட் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பெக்ஸ் எஞ்சின் லைனுக்கு வேண்டாம். குழாயின் மேலேயே அச்சடித்திருக்கும்: 82 டிகிரி செல்சியஸில் 100 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), 93 டிகிரியில் 80 பிஎஸ்ஐ. அழுத்தம் இங்கே பிரச்சினையே இல்லை. ரேடியேட்டர் மூடி பெரும்பாலும் 16 பிஎஸ்ஐக்குள்தான். சூடுதான் பிரச்சினை. தெர்மோஸ்டாட் திறப்பதே 80, 90 டிகிரியில். மலையேற்றத்தில் கூலன்ட் 100-ஐத் தாண்டும். அப்போது குழாயின் எல்லை முடிந்துவிட்டது. பிய்த்துக்கொண்டால் கொதிக்கும் கூலன்ட் நீங்கள் படுத்துறங்கும் அறைக்குள் பீய்ச்சும், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் வறண்டுபோகும். பெக்ஸ்தான் வேண்டுமென்றால், எஞ்சின் பக்கம் ஒரு தகட்டு வெப்பமாற்றி (இரு பக்கத் திரவமும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் கருவி) வைத்து, அதற்கு மறுபுறம் வீட்டுக்கான தனிச் சுற்றில் போடுங்கள். அங்கே வெப்பத்தை நீங்களே கட்டுப்படுத்தலாம்.

முழுக்க சிலிக்கான் என்பதும் வீண் செலவு. எஸ்ஏஇ ஜே20 என்ற தரக்குறி அச்சடித்த ஈபிடிஎம் ரப்பர் ஹோஸ் 125 டிகிரி வரை தாங்கும். சிலிக்கான் 175 வரை தாங்கும், ஆனால் விலை பல மடங்கு. டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் போகும் இரண்டு மூன்று அடிக்கு சிலிக்கான், மீதிக்கு ஈபிடிஎம் போதும். எண்ணெய் இரண்டுக்குமே ஆகாது. எஞ்சினில் எண்ணெய் கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

நேராக ஓடும் நீண்ட பகுதிக்குச் செம்புக் குழாய் நல்ல தேர்வு. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடையில் 'ஒரு இன்ச்' என்று தரும் செம்புக் குழாயின் வெளிவிட்டம் ஒன்றேகால் இன்ச்சுக்குச் சற்றே குறைவு, சரியாகச் சொன்னால் ஒன்றும் எட்டில் ஒரு பங்கும் சேர்ந்த இன்ச். ஒரு இன்ச் ஹோஸ் அதில் ஏறாது. சோப்புத் தண்ணீர் தடவித் திணித்தால் உள்சுவர் கிழியும். குழாய் முனையில் ஒரு இன்ச் ஹோஸுக்கான வரிப்பள்ள முனையைப் பற்றவைப்பதே சரி. எஞ்சின் ஆடும், அதனால் எஞ்சினிலிருந்து பஸ்ஸின் அடிச்சட்டம் வரை கட்டாயம் ரப்பர் ஹோஸ்தான், செம்பு விறைத்து வெடித்துவிடும். ஜிஐ பைப் மலிவு என்று போய்விடாதீர்கள்: துத்தநாகப் பூச்சு கூலன்டோடு வினைபுரிந்து சேறாகி, ஹீட்டரை அடைக்கும்.

கேள்வி: புது ஹோஸ்தான். ஆனால் குளிர்காலக் காலையில் இணைப்புகளில் சொட்டுகிறது, எஞ்சின் சூடானதும் நின்றுவிடுகிறது.

ஹோஸ் மேல் தவறில்லை, கிளாம்ப் மேல்தான். குளிரில் ரப்பர் சுருங்குகிறது, சாதாரண திருகு கிளாம்ப் அதைத் தொடர்ந்து இறுகுவதில்லை. ஸ்பிரிங் வாஷர் அடுக்கு வைத்த, இறுக்கம் மாறாத கிளாம்புகளை வாங்குங்கள். சிலிக்கானுக்கு உட்புறம் வழவழப்பான பட்டை உள்ளது வேண்டும். துளைப்பட்டை கிளாம்ப் சிலிக்கானை வெட்டிவிடும். கிளாம்ப், குழாய் முனையில் உள்ள மேட்டின் மீது உட்காரக்கூடாது, அதற்குப் பின்னால் இறங்கியிருக்க வேண்டும். முதல் முறை சூடாகி ஆறியபின் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். தரையை மூடும் முன் ரேடியேட்டர் அழுத்தப் பம்பை வாடகைக்கு எடுத்து, மூடியில் எழுதிய அழுத்தம் வரை ஏற்றி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

கேள்வி: லைனை நிரப்பியாயிற்று. முன் ஹீட்டர் சுடுகிறது, பின்னால் குளிர்காற்றுதான் வருகிறது.

பின் ஹீட்டரின் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்தால் ஓட்டம் இல்லை; பெரும்பாலும் காற்றடைப்பு. இரண்டுமே குளிர்ந்தால் முதலில் எஞ்சின் பக்க வால்வைப் பாருங்கள். பழைய கேட் வால்வில் கைப்பிடி சுற்றும், உள்ளே தகடு அசையாது. அதை முழுத்துளை பித்தளைப் பந்து வால்வாக மாற்றுங்கள், போகும் லைனிலும் வரும் லைனிலும் ஒவ்வொன்று. வழியில் ஹோஸ் வெடித்தால் இரண்டையும் மூடி, குறைந்த கூலன்டை நிரப்பிவிட்டு வண்டியை ஓட்டிப் போகலாம்.

காற்றை எடுக்க, நிரப்பும் வாய் மிக உயரமாக வரும்படி பஸ்ஸின் மூக்கை மேட்டில் நிறுத்துங்கள். எல்லா வால்வும் திறந்திருக்கட்டும், கூலன்டைத் தள்ளும் துணைப் பம்ப் இருந்தால் அதுவும் ஓடட்டும். குளிர்ந்த எஞ்சினில் மெதுவாக நிரப்பி, நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓட்டி, பின் ஹீட்டரின் காற்றுத் திருகைக் குமிழி நிற்கும் வரை திறந்துவையுங்கள். சக்கர வளைவின் மேல் ஏறி இறங்கும் ஹோஸ் இருந்தால் அங்கேதான் காற்று தங்கும், அங்கும் ஒரு திருகு வையுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

கேள்வி: எந்த கூலன்ட்? நிறம் பார்த்து வாங்கலாமா?

நிறம் எதையும் சொல்லாது. எஞ்சின் கையேட்டில் உள்ள வகையையே வாங்குங்கள், இரு வகைகளைக் கலக்காதீர்கள். பல கனரக டீசல்களில் சிலிண்டர் குழல் நேரடியாகக் கூலன்டில் நனையும். அதைக் குழிவிழாமல் காக்கும் சேர்மானம் கார் கூலன்டில் இல்லாமலிருக்கலாம். கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகாலும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி என்றால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வடித்தெடுத்த பழையதைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், பூனையும் நக்கிவிடலாம், கொஞ்சமே உயிரைப் பறிக்கும். மூடிய கேனில் அடைத்து, அபாயக் கழிவு எடுக்கும் நகராட்சி மையத்தில் கொடுங்கள்.