காற்றில் இருக்கும்போது பந்தைத் தட்டினால் அவுட்டா?

கூடைப்பந்தில் கோட்டுக்கு வெளியே பறக்கிற பந்தை எகிறிப் பிடித்து உள்ளே தள்ளினால் அவுட்டா, அதாவது பந்து வெளியே போனதாகக் கணக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. காற்றில் இருப்பவர் கடைசியாகக் கால் ஊன்றிய இடத்தில் நிற்பதாகத்தான் கணக்கு. உள்ளிருந்து குதித்தவர் வெளியே விழுவதற்கு முன் பந்தைக் கைவிட்டுவிட்டால் ஆட்டம் தொடரும். வெளியே நின்றவர் எம்பித் தொட்டால் காற்றிலேயே அவுட்.

அப்புறம், கோடே வெளிதான்! சர்வதேச கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதியில் 28க்கு 15 மீட்டர் ஆடுகளத்தைக் கோட்டின் உள்விளிம்பிலிருந்துதான் அளக்கிறார்கள். அண்ணா நகரில் நாங்கள் ஆடும் சிமெண்ட் கோர்ட்டில் பெயிண்ட் பாதி உரிந்துபோயிருக்கும், ஷூ நுனி அதில் பட்டதா இல்லையா என்றே பாதி மாலை சண்டை போகும். டென்னிஸ் பார்த்துப் பழகியவர்கள் கோட்டை உள்ளே என்று சாதிப்பார்கள், இங்கே அது செல்லாது. பந்து கோட்டைத் தாண்டி அந்தரத்தில் இருப்பதாலேயே அவுட் ஆகிவிடாது, வெளியே எதையாவது தொட வேண்டும்.