கீழிருந்து வாசி, மேலிருந்து நம்பு: மின்னஞ்சல் ஹெடர் கேள்வி-பதில்

போன முறை ஹெடர் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். ஹெடர் என்றால் மெயில் யாரிடமிருந்து, எந்த வழியாக, எப்போது வந்தது என்று அதோடு சேர்ந்து வரும் குறிப்பு வரிகள், கடிதத்தின் உறையும் முத்திரையும் போல. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால் அது முழுதாகத் தெரியும். அதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கே: போனில் உள்ள ஜிமெயில் செயலியில் எவ்வளவு தேடியும் 'ஷோ ஒரிஜினல்' கிடைக்கவில்லை. என் போன் பழசு என்பதாலா? (கல்முனை)

போன் பாவம், அதில் பிழை இல்லை. செயலியில் அந்த வசதியே கிடையாது. கொம்பியூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்துங்கள், வரும். அவுட்லுக்கை பிரவுசரில் பாவிப்பவர்களுக்கும் அதே மூன்று புள்ளிதான். அதற்குள் 'வியூ', அதற்குள் 'மெசேஜ் சோர்ஸ்'. யாஹூவில் 'வியூ ரோ மெசேஜ்'. தண்டர்பேர்டில் கன்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

கே: சந்தேகமான மெயில் ஒன்றை உங்களுக்கு ஃபோர்வர்ட் பண்ணியிருக்கிறேன். ஹெடரைப் பார்த்து எங்கிருந்து வந்தது என்று சொல்லவும். (அக்கரைப்பற்று)

பார்த்தேன் தம்பி. அக்கரைப்பற்றிலிருந்து, உங்களிடமிருந்து வந்திருக்கிறது. ஃபோர்வர்ட் பண்ணினால் பழைய மெயிலில் எழுதியிருந்தது மட்டும்தான் என்னிடம் வரும். உறையும் முத்திரையும் புதிது, இரண்டும் உங்களுடையவை. ஜிமெயிலில் 'ஃபோர்வர்ட் அஸ் அட்டாச்மென்ட்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. இல்லாவிட்டால் ஷோ ஒரிஜினல் பக்கத்திலேயே 'டவுன்லோட் ஒரிஜினல்' இருக்கிறது. இறங்குகிற இஎம்எல் கோப்பை இணைத்து அனுப்புங்கள்.

ஸ்கிரீன்ஷொட் அனுப்பிய மூன்று பேருக்கும் இதே பதில். ஒரு போனின் திரையை இன்னொரு போனால் படம் பிடித்து, அதுவும் கலங்கலாக, அனுப்பிய ஐயாவுக்கும் இதேதான். நான் கேட்டு எழுதும்வரை அசல் மெயிலை அழித்துவிடாதீர்கள். அசல் போனால் எல்லாம் போச்சு.

கே: 'ரிசீவ்ட்' என்று ஆறு வரி இருக்கிறது. எதைப் பார்ப்பது? (காத்தான்குடி)

மெயில் கடந்து வரும் ஒவ்வொரு சேவரும் (மெயிலை வாங்கி அடுத்த இடத்துக்குக் கொடுக்கும் கொம்பியூட்டர்) 'ரிசீவ்ட்' என்ற தன் முத்திரையை ஏற்கெனவே இருப்பவற்றுக்கு மேலே ஒட்டும். அதனால் ஆகக் கீழே இருப்பது முதலாவது, ஆக மேலே இருப்பது உங்கள் பெட்டிக்குள் போட்ட சேவருடையது. வந்த வழி தெரிய வேண்டுமென்றால் கீழிருந்து மேலே வாசியுங்கள்.

ஆனால் நம்புவது மேலிருந்து கீழே. மேலே உள்ள வரிகள் உங்கள் ஜிமெயிலோ யாஹூவோ போட்டவை, அவற்றில் மோசடிக்காரன் கை வைக்க முடியாது. உங்கள் மெயில் நிறுவனத்தின் சேவர் முதன்முதலாக வெளியாளிடமிருந்து மெயிலைக் கையேற்ற வரி ஒன்று இருக்கும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அனுப்பியவன் சொல்லும் கதை. உண்மையாகவும் இருக்கலாம், கையால் தட்டி ஒட்டியதாகவும் இருக்கலாம். கீழே ஒரு வங்கியின் பெயரைக் கண்டதும் வங்கியிலிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

கே: புலமைப்பரிசில் விண்ணப்பத்தைக் கடைசி நாள் இரவு 11.50க்கு அனுப்பினேன். ஹெடரில் காலை 11.20 என்று இருக்கிறது. அவர்கள் எந்த நேரத்தை எடுப்பார்கள்? (வந்தாறுமூலை)

இரண்டும் ஒரே நேரம், மகள். நேரத்துக்குப் பின்னால் உள்ள இலக்கத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். நமக்கு +0530. கூகுளின் சேவர்கள் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தைப் போடும்: கோடை காலத்தில் -0700, குளிர் காலத்தில் -0800. பன்னிரண்டரை மணித்தியாலத்தைக் கூட்டினால் உங்கள் 11.50 வந்துவிடும்.

இன்னொன்று. 'டேட்' வரி அனுப்புபவர் பக்கத்தில் போடப்படுவது. கொம்பியூட்டரின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்து அனுப்பினால் அதுவும் பின்னால் போகலாம். நேரத்தில் தகராறு வந்தால் பெறுபவருடைய சேவர் போட்ட 'ரிசீவ்ட்' நேரம்தான் பேசும். அடுத்த முறை கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைக்காதீர்கள்.

கே: அரிசி ஆலைக்கு வெளிநாட்டுக் கம்பனி ஒன்றிடம் இயந்திரப் பாகங்கள் வாங்குகிறோம். இப்போது வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்குப் பணம் போடவும் என்று மெயில் வந்திருக்கிறது. நீங்கள் சொன்னபடி ஷோ ஒரிஜினல் பார்த்தேன். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் 'பாஸ்'. காசு அனுப்பலாம்தானே? (சம்மாந்துறை)

அனுப்பாதீர்கள். முதலில் கோல் எடுங்கள். அந்த மெயிலில் உள்ள இலக்கத்துக்கு இல்லை, பழைய இன்வொய்ஸில் உள்ள இலக்கத்துக்கு. எடுத்துவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

இந்த 'பாஸ்' என்ற சொல் எனக்குத் தீராத எரிச்சல். மூன்றும் பாஸ் என்றால் மெயில் உண்மை என்று ஒரு நிமிட வீடியோக்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்கிறேன்: எதில் பாஸ், யார் பாஸ்? டொமைன் என்பது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர். எஸ்பிஎஃப் பார்ப்பது, இந்த டொமைனுக்காக மெயில் அனுப்ப இந்த சேவருக்கு அனுமதி உண்டா என்பதை. அதுவும் கண்ணுக்குத் தெரியும் 'ஃப்ரம்' முகவரியை வைத்துப் பார்ப்பதில்லை, உறையின் மேல் உள்ள 'ரிட்டர்ன்-பாத்' முகவரியை வைத்துப் பார்ப்பது. டிகிம் பார்ப்பது, இந்த டொமைன் போட்ட கையொப்பம் வழியில் குலையாமல் வந்ததா என்பதை. 'ஃப்ரம்' இல் தெரியும் டொமைனும் அந்த இரண்டில் ஒன்றும் பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். அந்த டொமைன் யாருடையது, அவன் நல்லவனா கள்ளனா என்பது மூன்றின் வேலையும் இல்லை. அடையாள அட்டை சரியாக இருந்தால் ஆளும் சரியான ஆள்தான் என்று ஆகிவிடாது. செக்பொயின்ட் வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

டொமைன் ஒன்றைப் பதிய ஒரு பத்து டொலர் போதும், கால் மணி நேர வேலை. அதற்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொள்ள மோசடிக்காரனுக்கும் தெரியும். சில வேளைகளில் நேர்மையான சின்னக் கம்பனிகளை விட அவன்தான் ஒழுங்காகப் போடுகிறான்.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வழக்கமாகப் பொருள் வாங்கும் கம்பனியின் பெயரில் ஆங்கில 'எம்' எழுத்து ஒன்று உண்டு. வந்த மெயிலில் அந்த இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றன. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மனுசன் கவனமில்லாத ஆளும் இல்லை. பக்கத்தில் கொம்பியூட்டர் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர் ஹெடரைத் திறந்து, மூன்றும் பாஸ், பயப்படாமல் அனுப்புங்கள் நானா என்றிருக்கிறார். போனது 5 இலட்சத்துக்குக் கிட்ட. ஹெடர் அங்கே பொய் சொல்லவில்லை. டிகிம் வரியில் 'பாஸ்' என்பதற்குப் பக்கத்திலேயே கள்ள டொமைனின் பெயரும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அதே கம்பனியிடமிருந்து முன்பு வந்த, சந்தேகமில்லாத பழைய மெயில் ஒன்றின் ஹெடரையும் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஃப்ரம்' டொமைனை எழுத்துக் கூட்டி வாசியுங்கள். 'ரிப்ளை-டு' (பதில் போய்ச் சேரும் முகவரி) என்று தனி வரி இருக்கிறதா, அது வேறு எங்காவது போகிறதா என்று பாருங்கள். டிகிம் கையொப்பம் எந்த டொமைனுடையது? மெசேஜ்-ஐடியின் (ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள தனி அடையாளம்) பின்பாதி பழையதைப் போலவே இருக்கிறதா? வித்தியாசம் கண்டால் கதை முடிந்தது.

வித்தியாசமே இல்லாவிட்டாலும் நிம்மதியாக இருக்க வேண்டாம். அந்தக் கம்பனிக்காரரின் பாஸ்வேர்டையே களவெடுத்து, அவருடைய பெட்டிக்குள் இருந்தே எழுதினால் ஹெடர் முழுக்கச் சுத்தமாக இருக்கும். அதைப் பிடிக்க என்னாலும் முடியாது. அதனால்தான் முதல் வரியிலேயே கோல் எடுங்கள் என்றேன்.

கே: மிரட்டல் மெயில் ஒன்றின் ஹெடரில் கண்டுபிடித்த ஐபி இலக்கம் 192.168.1.5. இது எந்த நாடு? (வாழைச்சேனை)

எந்த நாடும் இல்லை. ஐபி என்பது இணையத்தில் ஒரு கருவிக்கு இருக்கும் முகவரி இலக்கம். 192.168 என்றும் 10 என்றும் தொடங்குபவை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பாவிக்கும் உள் இலக்கங்கள். உங்கள் வீட்டு ரூட்டரிலும் இப்படி ஒன்று இருக்கலாம், போய்ப் பாருங்கள்.

கே: சரி, உண்மையான ஐபி கிடைத்தால் அனுப்பியவனின் வீட்டைக் கண்டுபிடிக்கலாமா? (ஏறாவூர்)

வீட்டை முடியாது. பிரவுசரிலிருந்து அனுப்பும் ஜிமெயிலில் அனுப்பியவரின் ஐபியே வராது, கூகுளின் சேவர் இலக்கம்தான் வரும். சில சேவர்கள் மட்டும் 'எக்ஸ்-ஒரிஜினேட்டிங்-ஐபி' என்று போடும். அது கிடைத்தாலும் எந்த இணைய நிறுவனம் என்று தெரியும், அவ்வளவுதான். வரைபடம் கொழும்பைக் காட்டினால் ஆள் கொழும்பில் இருக்கிறான் என்று எண்ண வேண்டாம். மொபைல் இணையத்தில் ஒரே ஐபியை ஒரே நேரத்தில் பலர் பகிர்வதும் உண்டு.

அந்த நேரத்தில் அந்த இலக்கம் யாரிடம் இருந்தது என்று நிறுவனத்துக்குத் தெரியலாம், ஆனால் உங்களுக்கும் எனக்கும் சொல்ல மாட்டார்கள். அது பொலிஸ் வழியாகப் போக வேண்டியது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, முறைப்பாடு கொடுங்கள். அசல் மெயிலை அழிக்காமல் கொடுங்கள்.

கே: என் முகவரியிலிருந்தே எனக்கு மெயில் வந்திருக்கிறது. என் கணக்கைப் பிடித்துவிட்டதாகவும் பிட்கொயின் அனுப்பும்படியும் சொல்கிறான். என் பழைய பாஸ்வேர்டையும் எழுதியிருக்கிறான். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. (பெயர், ஊர் வேண்டாம்)

தூங்குங்கள். 'ஃப்ரம்' இல் யாரும் எதையும் எழுதலாம். கடிதத்தின் பின்பக்கம் அனுப்புநர் பெயரை யாரும் எழுதுவது போலத்தான். 'ஒதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்' வரியைப் பாருங்கள், 'ஃபெயில்' அல்லது 'சொஃப்ட்ஃபெயில்' என்று இருந்தால் வெளியில் இருந்து உங்கள் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறான். பாஸ்வேர்ட் எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்திருக்கும். அதை இன்னும் எங்காவது பாவித்தால் இன்றே மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பையும் போடுங்கள். காசு அனுப்ப வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம்.

கே: பாடசாலைக்கு வந்த மெயிலில் வேறு யாருக்கெல்லாம் பிசிசி போயிருக்கிறது என்று ஹெடரில் பார்க்கலாமா? (களுவாஞ்சிகுடி)

முடியாது டீச்சர். மற்றவர்களுக்குத் தெரியாமல் பிரதி அனுப்பத்தானே பிசிசி.

கே: கைத்தறிச் சாரி விற்கிறோம், சொந்த டொமைன் இருக்கிறது. அனுப்பும் விலைப்பட்டியல் எல்லாம் வாடிக்கையாளரின் ஸ்பாமுக்குப் போகிறது. (மருதமுனை)

உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்றை அனுப்பி ஹெடரைப் பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் இல்லை என்றால் காரணம் அதுதான். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கெடுபிடி. எல்லோருக்கும் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஜிமெயில்காரர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும், கூடவே டிமார்க்கும் வேண்டும். வெப்சைட் செய்து தந்தவரைப் பிடித்துப் போடச் சொல்லுங்கள். தெரியாது என்று சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

கே: ஷோ ஒரிஜினல் பார்த்தால் 'சப்ஜெக்ட்' வரியில் கேள்விக்குறியும் சமன் குறியுமாக, புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். வைரஸ் என்று பயந்து மெயிலையே அழித்துவிட்டேன். சரிதானே? (கல்லடி)

அழித்துவிட்டீர்களா! ஹெடர் வரிகள் ஆங்கில எழுத்தை மட்டும் சுமக்கும்படி அந்தக் காலத்தில் செய்தவை. தமிழ் அதில் ஏற வேண்டுமென்றால் சங்கேதமாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அந்தக் குவியலின் தொடக்கத்தில் 'யூடிஎஃப்-8' என்றும் 'பி' என்றும் இருந்திருக்கும். அதற்கு அடுத்து நாலு, கே, ஆறு என்ற மூன்றும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்திருந்தால் உள்ளே இருந்தது நல்ல தமிழ். யாராவது கலியாணத்துக்குச் சொல்லியிருப்பார்கள். ஜிமெயில் குப்பையில் 30 நாள் இருக்கும், ஓடிப்போய் எடுங்கள்.