டீச்சரிடம் கேளுங்கள்: சாமி பேரைச் சொன்னால் பத்து பவுண்டு

(கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீச்சர், என் பேத்தி கான்வென்ட்டில் ஏழாவது படிக்கிறாள். எதற்கெடுத்தாலும் ‘ஓ மை காட்’. பள்ளியில் அப்படிச் சொல்லாதே, ‘ஓ மை காஷ்’ என்று சொல் என்றார்களாம். நானோ உட்கார்ந்தால் முருகா, எழுந்தால் முருகா. சாமி பேரைச் சொல்வது எப்படித் தப்பாகும்?
– ஒரு பாட்டி, அருவங்காடு

பதில்: பாட்டியம்மா, நீங்கள் முருகனைக் கூப்பிடுவதில் ஒரு தப்பும் இல்லை. பள்ளியில் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் டிரைவர் சட்டென்று பிரேக் பிடித்தால் போதும், பஸ்ஸுக்குள் முருகா, மாதாவே, யா அல்லா, ஹெத்தையம்மா என்று எல்லாக் குரலும் ஒன்றாக எழும். நமக்குப் பெயரைச் சொல்லச் சொல்லப் புண்ணியம். பைபிளின் பத்துக் கட்டளைகளில் ஒன்றோ, ‘உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக’ என்கிறது.

ஆனால் அதிர்ச்சியும் கோபமும் கட்டளையைக் கேட்டுக்கொண்டா வருகின்றன? வாய் வரைக்கும் பெயர் வந்துவிடும். அதனால் கடைசி நொடியில் பாதியை விழுங்கினார்கள், அல்லது எழுத்தை மாற்றினார்கள். ‘காட்’ என்பதே ‘காஷ்’ ஆனது, ‘காலி’ ஆனது. ‘ஜீசஸ்’ சுருங்கி ‘ஜீ’. கிறிஸ்துவின் பெயர்தான் ‘கிரைக்கி’. ‘கடவுளின் காயங்கள் மேல் ஆணை’ என்பதற்கான ‘காட்ஸ் வூண்ட்ஸ்’ தலையை இழந்து ‘ஸவுண்ட்ஸ்’ என்று நின்றது. சிலர் ரோமானியக் கடவுள் ஜூபிடரின் இன்னொரு பெயரில், ‘பை ஜோவ்’ என்று தப்பித்துக்கொண்டார்கள். அந்த ஜூபிடரின் பெயரைத் தாங்கிய கிரகம்தான் நம் வியாழன்.

சட்டமும் பின்னால் வந்தது. நாடக மேடையில் கடவுள், கிறிஸ்து, பரிசுத்த ஆவி, திரித்துவம் என்ற பெயர்களை விளையாட்டாகச் சொன்னால் பத்து பவுண்டு அபராதம் என்று 1606இல் இங்கிலாந்து சட்டம் போட்டது. அபராதத்தில் பாதி அரசனுக்கு, பாதி வழக்குப் போட்டவருக்கு. அப்படியானால் பார்வையாளர் வரிசையில் எத்தனை காதுகள் விழித்திருக்கும்! ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தின் 1622 பதிப்பில் வில்லன் இயாகோ பேசும் முதல் வசனமே கடவுளின் இரத்தத்தின் மேல் ஆணையிட்டுத்தான் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு வந்த தொகுப்பில் அந்தச் சொல் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து வகுப்பில் படித்துக் காட்டுவேன். அந்த ஒரு சொல் போனதும் இயாகோவின் கொதிப்பே குறைந்துவிடுவதைப் பிள்ளைகள் தாங்களாகவே சொல்வார்கள்.

1745இல் வந்த இன்னொரு சட்டம் தெருவில் பேசுபவர்களையும் பிடித்தது. சாமி பேரால் வசை பாடினால் கூலித் தொழிலாளி, சிப்பாய், மாலுமிக்கு ஒரு ஷில்லிங். கனவானுக்கு ஐந்து. இடைப்பட்டவருக்கு இரண்டு. வசதியைப் பார்த்து அபராதம் வைத்தது எனக்குப் பிடித்த விஷயம். அந்தச் சட்டம் 1967இல்தான் நீக்கப்பட்டது.

பேத்தியிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ‘காஷ்’ என்பதும் அதே பெயர்தான், முக்காடு போட்டிருக்கிறது என்று தெரிந்தால், எங்கே எதைச் சொல்வது என்று அவளே முடிவு செய்வாள். அடுத்தவர் மனம் நோகும் இடத்தில் ‘காட்’ வேண்டாம். வீட்டில் உங்களோடு சேர்ந்து முருகா என்று சொல்லட்டும், நன்றாக இருக்கும்.

கேள்வி: ‘ஓஎம்ஜி’ வாட்ஸ்அப் வந்த பிறகு பிறந்ததுதானே டீச்சர்?
– கல்லூரி மாணவர், கூடலூர்

பதில்: இல்லை தம்பி. 1917இல் பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் தளபதி ஃபிஷர் பிரபு சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. விரிவாக்கத்தையும் அவரே கூட எழுதிவிட்டார்.

கேள்வி: ‘குட்பை’ என்பதில் கடவுள் இருக்கிறாரா? ‘பிளடி’ என்பது மாதாவைக் குறிக்கும் வசையா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: முதலாவது உண்மை. ‘கடவுள் உன்னோடு இருப்பாராக’ என்ற வாழ்த்து 16ஆம் நூற்றாண்டிலேயே தேய்ந்து ஒட்டிக்கொண்டது. அப்புறம் ‘குட் டே’, ‘குட் நைட்’ கூடவே புழங்கியதால் ‘காட்’ இருந்த இடத்தில் ‘குட்’ வந்து உட்கார்ந்தது. போய் வருகிறேன் என்கிறவருக்கு ‘மகராசியா போயிட்டு வா’ என்று வாயார வாழ்த்துகிற நமக்கு இது அந்நியமாகவே படாது.

இரண்டாவது பலர் நம்பும் கதை, ஆதாரம் இல்லை. அது இரத்தத்திலிருந்து வந்த சொல். 1914இல் லண்டன் மேடையில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மாலியன்’ கதாநாயகி அதை உச்சரித்தபோது ஊரே பரபரத்தது. எந்த வழியில் வந்திருந்தாலும் தோட்டத்தில் வேலை செய்பவர்களைப் பார்த்து அதை யாரும் சொல்லக் கூடாது. எங்கள் அப்பா தலைமுறை கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதைக் கேட்டு நின்றது. எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு.

கேள்வி: அடுத்த மாதம் ஊட்டி கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கடவுள் பேரில் சத்தியம் செய்தே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம். 1969ஆம் ஆண்டின் நம் சத்தியப் பிரமாணச் சட்டம் இரண்டு வழி தருகிறது: கடவுள் பெயரால் சத்தியம், அல்லது உளமார்ந்த உறுதிமொழி. இந்த உரிமைக்காக இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1880இல் தேர்தலில் ஜெயித்தவர், பிரமாணத் தகராறால் 1886இல்தான் நிம்மதியாக நாடாளுமன்றத்தில் உட்கார முடிந்தது. 1888இல் அதற்கென்று சட்டமே வந்தது. நீங்கள் அவ்வளவு போராட வேண்டியதில்லை. கூண்டில் ஏறும்போது உறுதிமொழி எடுக்கிறேன் என்று சொன்னால் போதும். பொய் சொன்னால் கிடைக்கும் தண்டனை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.