ஆன்-ஒன் பழகிய கால், ஆன்-டூ ஆடும் ஊர்

கேள்வி: பெங்களூரில் எட்டு மாதம் சால்சா வகுப்புக்குப் போய், ஆன்-ஒன் முறையில் (முதல் எண்ணிக்கையில் திசை மாற்றும் அடி வைத்து) லீட் செய்ய, அதாவது ஜோடியை வழிநடத்த, பழகினேன். வேலை மாறி இப்போது ஜெர்சி சிட்டியில் இருக்கிறேன். மன்ஹாட்டனில் நடன ஸ்டுடியோக்கள் நடத்தும் சோஷியல்களுக்கு (ஜோடி மாற்றி மாற்றி ஆடும் நடன மாலைகளுக்கு) போனால் எல்லோரும் ஆன்-டூ, அதாவது அந்த அடியை இரண்டாம் எண்ணிக்கையில் வைத்து, ஆடுகிறார்கள். கூட ஆடிய பெண் ஒருவர் பாதிப் பாட்டில், "நீங்கள் ஆன்-ஒன் ஆடுகிறீர்கள்" என்று சிரித்தபடி சொன்னார். அதன் பிறகு யாரையும் ஆடக் கூப்பிடவே கூச்சமாக இருக்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் காலுக்கு வரிசை ஏற்கெனவே தெரியும். எந்தக் காலுக்குப் பின் எந்தக் கால், எது முன்னே, எது பின்னே என்பதில் ஒன்றுகூட மாறாது. மாறுவது இடைநிறுத்தம் விழும் இடம் மட்டுமே. ஆன்-டூ என்பதை ஆன்-ஒன்னை ஓர் எண்ணிக்கை தள்ளி ஆடுவது என்று நினைப்பவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

ஆன்-ஒன்னில் நீங்கள் 1இல் இடக்காலை முன்னே வைக்கிறீர்கள், 2இல் எடை வலக்காலுக்குத் திரும்புகிறது, 3இல் இடக்கால் நடுவுக்கு வருகிறது, 4இல் நிற்கிறீர்கள். பிறகு 5இல் வலக்கால் பின்னே, 6, 7, மீண்டும் 8இல் நிறுத்தம். நியூயார்க் ஆன்-டூவில் லீட் செய்பவரின் இடக்கால் முன்னே போவது 6இல். 7இல் எடை திரும்பும். உடனே 8இல் நிறுத்தம். அதற்குப் பிறகுதான், 1இல், இடக்கால் சிறிதாகப் பின்னே வரும். தொடர்ந்து 2இல் வலக்கால் பின்னே, 3இல் எடை திரும்பும், 4இல் நிறுத்தம், 5இல் வலக்கால் சிறிதாக முன்னே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆன்-ஒன்னில் மூன்று அடியும் ஒட்டி வந்து, பிறகு நிறுத்தம். ஆன்-டூவில் பிரேக் (முன்னேயோ பின்னேயோ போய்த் திசை மாற்றும் அடி), திரும்பல், நிறுத்தம், அடி. மூன்றாவது அடியை நிறுத்தம் பிரித்துவிடுகிறது. உங்கள் உடம்பு தவிப்பது இங்கேதான்.

இதனால் லீட் செய்யும் நேரமும் மாறும். இதைப் பல வகுப்புகளில் விளக்குவதில்லை. ஆன்-ஒன்னில் ஃபாலோவுக்கு (லீடைப் பின்பற்றி ஆடுபவருக்கு) ரைட் டர்ன், அதாவது வலப்பக்கச் சுற்று, கொடுக்க 3இல் அறிகுறி காட்டுகிறீர்கள், 4 சும்மா கழிகிறது, அவர் 5-6-7இல் சுற்றுகிறார். கை கொஞ்சம் தாமதித்தாலும் அந்த 4 காப்பாற்றிவிடும். ஆன்-டூவில் அறிகுறி 1இல், சுற்று 2இலேயே தொடங்கிவிடும். நடுவில் இடமே இல்லை. பழைய பழக்கத்தில் கை 2இல் உயர்ந்தால், ஃபாலோ ஏற்கெனவே காலை வைத்திருப்பார். பிறகு அவரைக் கையால் இழுத்துத்தான் சுற்ற வைக்க வேண்டும். ஆனால் சுற்று தொடங்கிவிட்டால் 2-3-5 என்று நடுவே ஒரு நிறுத்தம் கிடைக்கிறது. முடிக்க அவருக்குத் தாராளமாக நேரம் உண்டு. ஆகவே முன்கூட்டியே சொல்லுங்கள், பிறகு அவரை விட்டுவிடுங்கள். கிராஸ் பாடி லீடும் (ஃபாலோவை உங்களைக் கடந்து மறுபக்கம் அனுப்புவதும்) இப்படித்தான்: 6இல் முன்னே, 7இல் இடப்பக்கம் உடலைத் திறந்து, 1இல் வழிவிட்டு நில்லுங்கள், 2-3-5இல் அவர் கடந்து போவார். 4இல் அவர் முதுகைத் தள்ளாதீர்கள். நியூயார்க் ஃபாலோக்களுக்கு எரிச்சலூட்டுவது ஆன்-ஒன்னைவிட அந்தத் தள்ளல்தான்.

அடுத்தது காது. கொங்கா (உயரமான கை முரசு) வாசிப்பவர் 2இலும் 6இலும் தோலை அறைவது கூர்மையாக 'டக்' என்று கேட்கும். 4இலும் 8இலும் இரட்டையாக, கனமாக, 'டும்-டும்' விழும். முதல் வாரம் காலை அசைக்காமல் அந்த 'டக்'கிற்கு மட்டும் கை தட்டுங்கள். தட்டல் சரியாக விழத் தொடங்கியதும் அதே இடத்தில் பிரேக் அடியை வையுங்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர் என்றால் எட்டு எண்ணிக்கை உங்களுக்கு ஆதி தாளம் போலக் கைவந்தது. ஆனால் சமத்தில் (தாளச் சுற்றின் முதல் தட்டில்) அழுத்தம் தேடும் பழக்கமும் கூடவே வரும், இங்கே அதை விட வேண்டும். பாட்டின் பிற்பகுதியில் பாங்கோ (சிறிய இரட்டை முரசு) வாசிப்பவர் அதை விட்டு மணிக்கு மாறுவார். மணியின் பெரிய அடிகள் 1, 3, 5, 7இல் விழும். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்கூட அந்த இடத்தில் ஆன்-ஒன்னுக்கு வழுக்கிவிடுவது சகஜம். மணி தொடங்கியதும் கொங்காவைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பேசிக் (அடிப்படை அடி) மட்டும் ஆடுங்கள். 1 எது, 5 எது என்று குழம்பினால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மாறிப்போனாலும் பிரேக் 'டக்'கின் மேல்தான் விழும்.

வீட்டில் தினம் 15 நிமிடம், துணையில்லாமல், நிமிடத்துக்கு 150-160 தட்டு வேகத்தில் தொடங்குங்கள். வாய்விட்டு எண்ணாமல் ஒரு முழுப் பாட்டு ஆட முடிந்தால் மட்டும் 180க்கு ஏறுங்கள், பிறகு 200. பிரேக் அடி ஒரு பாத நீளத்துக்கு மேல் போகக் கூடாது. பின்னே வைக்கும் காலில் குதிகாலை அழுத்தினால் எடை முழுக்க அங்கே போய்விடும், 3க்குத் திரும்ப நேரமிருக்காது. வகுப்பும் சேர்ந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் கால் தானாகப் போகும் என்று எதிர்பார்க்கலாம். இணையத்தில் பார்த்துப் பழகுவதானால் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 2-3-4, 6-7-8 என்று அடி வைப்பதும் ஆன்-டூதான், ஆனால் வேறு வகை. நீங்கள் போகும் சோஷியல்களில் ஆடுவது நியூயார்க் நடன ஆசிரியர் எடி டாரஸ் பரப்பிய 1-2-3, 5-6-7 வகை. பிராட்வேயும் 53ஆம் தெருவும் சேரும் இடத்தில், 1966இல் மூடப்பட்ட பல்லேடியம் பால்ரூமில், மாச்சிட்டோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரோட்ரிகஸ் இசைக்குழுக்களுக்கு ஆடிய மாம்போ நடனத்தின் வழியில் வந்தது அது. ஜூன் லாபெர்ட்டா என்ற ஆசிரியையின் உதவியோடு டாரஸ் அதை எண்ணிக்கைக்குள் கொண்டுவந்தார்.

இனி அந்தக் கூச்சம். அந்தப் பெண் சொன்னது பெரும்பாலும் வெறும் தகவல்தான். எதில் ஆடுகிறோம் என்று தெரிந்தால் அவரும் மாறிக்கொள்ளலாம். அடுத்த முறை கை நீட்டும்போதே, "எனக்கு ஆன்-டூ புதிது, ஆன்-ஒன் பரவாயில்லையா?" என்று கேட்டுவிடுங்கள். அங்கே அது சாதாரணமான கேள்வி. ஸ்டுடியோ சோஷியல்களில்தான் ஆன்-டூ கறாராக இருக்கும். நேரடி இசைக்குழு வாசிக்கும் கிளப்புகளிலும், கோடை ஞாயிறுகளில் பிராங்க்ஸ் ஆர்ச்சர்ட் பீச்சிலும் எண்ணிக்கையே தெரியாமல் சின்ன வயதிலிருந்து ஆடுபவர்களைப் பார்ப்பீர்கள். அவர்களிடம் போய் ஒன்னா டூவா என்று விசாரிக்காதீர்கள்.

சோஷியலுக்கு முன்னே வகுப்பு இருந்தால் அதற்கே போய்விடுங்கள். ஒரு மணி நேரத்தில் பத்துப் பேரோடு ஆடியிருப்பீர்கள். முதல் அழைப்பு அவர்களில் ஒருவருக்கு. இரவு முற்றிய பிறகு அரங்கம் நெரிந்து வேகம் கூடும், புதியவருக்கு அது நேரமில்லை. மறுப்பு வந்தால் தலையசைத்து நகருங்கள். அவரையே அடுத்த பாட்டுக்கும் கூப்பிடாதீர்கள். ஒரு பாட்டோ இரண்டோ ஆடி, நன்றி சொல்லிவிட்டு அவரைத் தளத்தின் ஓரம்வரை கொண்டுவந்து விடுங்கள். கேட்காத பாடம் வேண்டாம். முன்பின் தெரியாதவரைச் சாய்க்க வேண்டாம், இடுப்பு வலி உள்ளவரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஃபாலோவின் கையைக் கட்டைவிரலால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். சுற்றும்போது மணிக்கட்டு முறுகும். விரல்களைக் கொக்கி போல வைத்தாலே போதும். பக்கத்து ஜோடி எந்தத் திசையில் கோடு போட்டு (ஒரே நேர்கோட்டில் போய் வந்து) ஆடுகிறதோ அதே திசையில் உங்கள் கோட்டையும் வையுங்கள்; மோதல் பாதி குறையும்.

ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூவைத் தவிருங்கள். பாதம் தரையில் ஒட்டிக்கொள்ள, உடம்பு சுற்ற, முழங்கால்தான் மாட்டிக்கொள்ளும். ஸ்யூட் (மென்தோல்) அடிப்பாகம் நல்லது, ஆனால் தெருவில் நடக்க ஆகாது, பையில் எடுத்துப் போங்கள். மாற்றுச் சட்டை இரண்டு அவசியம். பாரின் வருமானத்தில் நடக்கும் கிளப் என்றால், மது குடிக்காதவர்களும் தண்ணீரோ சோடாவோ வாங்கி டிப் வைப்பது வழக்கம்.

நடுநடுவே சா-சா-சா என்ற இன்னொரு நடனத்துக்கான பாட்டுப் போடுவார்கள். தெரியாது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அதிலும் பிரேக் 2இலும் 6இலும்தான், திசையும் அதே, வேகம் மட்டும் வெகு குறைவு. எண்ணிக்கை 2, 3 என்று போய், 4-உம்-5இல் மூன்று சின்ன அடி. அப்படியே 6, 7, பிறகு 8-உம்-1. உங்கள் இப்போதைய நிலைக்கு இதைவிட நல்ல ஆன்-டூ பயிற்சி கிடையாது.