வெளிநாட்டு ஆயுர்வேத மையத்தில் போய்த் தங்குவதற்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா?

கையில் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். கடன் வாங்கிப் போகாதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் படுக்கையில் இருக்கும் யாரையோ நெடுநாளாகப் பார்த்துக்கொண்டு களைத்துப்போனவர் என்று தோன்றுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். மாமனார் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து காலமாகும்வரை அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டியது எல்லாம் நான்தான். அதில் போனது என் இடுப்பு.

ஜெர்மனியில் இருக்கும் அக்காதான் டிக்கெட் போட்டு இலங்கைக்கு அழைத்துப் போனாள். கொழும்புக்குத் தெற்கே பேருவளை, பெந்தோட்டை கடற்கரைப் பக்கம் இந்த மாதிரி மையங்கள் நிறைய, வருகிறவர்களில் ஜெர்மன்காரர்களும் நிறைய. (நாங்கள் தங்கிய இடத்தின் பெயர் போடவில்லை, விளம்பரம் என்று யாராவது சொல்வார்கள்.) மருத்துவர் நாடி பார்த்ததோடு விடாமல் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வாங்கிப் படித்தார். முதலில் எண்ணெயும் மூலிகை ஒத்தடமும் மட்டும். காலையில் கொலகெந்த, அதாவது வல்லாரை மாதிரி இலைகளின் சாறு விட்ட பச்சைக் கஞ்சி, காப்பி கிடையாது, அதற்குப் பதில் ரணவரா என்று நம் ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துத் தருவார்கள். அப்புறம் பேதிக்குக் கொடுத்தார்கள். அன்று வெயிலில் போகக்கூடாது, கஞ்சி தவிர ஒன்றும் கூடாது. மறுநாள் எழவே முடியாமல் கிடந்து, எதற்கென்றே தெரியாமல் அழுதேன். நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாரை தொடங்கிய பிறகுதான் ராத்திரி நடுவில் விழிக்காமல் தூங்கினேன், மாமனார் கூப்பிடுகிறாரோ என்று திடுக்கிட்டு எழும் பழக்கம் அவர் போன பிறகும் அதுவரை விடவில்லை. இடுப்பு முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது குனிந்து செருப்பு மாட்ட முடிகிறது.

பக்கத்திலேயே கேரளா இருக்கிறதே என்பீர்கள். கேரள வைத்தியத்தை நான் குறை சொல்லவே இல்லை, கோட்டக்கல் ஆர்ய வைத்திய சாலையில் 1902-லிருந்து செய்கிறார்கள். ஆனால் என் கணவரின் சொந்தத்தில் பாதிப்பேர் பாலக்காட்டில். அங்கே படுத்திருந்தால் தினமும் ஒருவர் பார்க்க வருவார், நான் எழுந்து உட்கார்ந்து பேசவேண்டும். கடல் தாண்டினால் யாரும் வரமாட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். மாமனார் கிடந்த நாட்களில் ஒரு ராத்திரிகூடக் கண்விழிக்க வராத கொழுந்தனார், நான் திரும்பியதும் குடும்ப வாட்ஸப் குழுவில் "எண்ணெய் தேய்த்துக்கொள்ள இலங்கையா?" என்று எழுதினார். பணம் என் அக்காவுடையது. அவருடைய அப்பாவுக்காகத் தேய்ந்த இடுப்பு என்னுடையது. இன்றுவரை ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். பேதி, எண்ணெய் எல்லாம் கொடுத்து உடம்பைச் சுத்தம் செய்யும் சிகிச்சைக்குப் பஞ்சகர்மம் என்று பெயர். அதையே மூன்று நாளில் என்று விற்றால் அது வெறும் மசாஜ், இரண்டு வாரமாவது வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். கிளம்பும்போது கட்டிக் கொடுக்கும் மருந்துகளில் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். 2008-இல் ஜாமா (JAMA) என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் இல்லாதபோது நோயாளியை யார் பார்ப்பது என்று கூடப்பிறந்தவர்களை உட்காரவைத்துப் பேசி முடியுங்கள். அங்கே படுத்துக்கொண்டு போனில் மாத்திரை நேரம் சொல்லிக்கொண்டிருப்பதாக இருந்தால் இப்போது போகவேண்டாம்.